உடைந்ததும் உடைத்ததும்

தமிழில் 'தப்பு' என்ற சொல்லுக்கு நாம் இரண்டு வேலை கொடுத்திருக்கிறோம். ஏழும் ஐந்தும் பதின்மூன்று என்று எழுதினால் தப்பு. பக்கத்தில் இருப்பவனின் பென்சிலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாலும் தப்பு. முதலாவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டாவதில் ஒருவன் பென்சில் இல்லாமல் நிற்கிறான். நான்கு வயதுக் குழந்தையின் காதில் இரண்டும் ஒரே சொல்லாக, பெரும்பாலும் ஒரே குரலில் வந்து விழுகின்றன. எழுத்தில் பிழை, தவறு, குற்றம், தீமை என்று தனித்தனி டப்பாக்கள் வைத்திருக்கிறோம். வீட்டில் அதெல்லாம் கிடையாது. "தப்பு" என்றால் தப்பு, அவ்வளவுதான். ஈழத்துப் பேச்சில் 'பிழை' புழக்கத்தில் இருக்கிறது. அங்கேயும் அது கணக்குக்கும் நடத்தைக்கும் சேர்த்தேதான் உழைக்கிறது.

மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். ஏழாவது கட்டையில் கோபுரம் சரிகிறது. பல குழந்தைகள் அந்த நொடியில் கோபுரத்தைப் பார்ப்பதில்லை. அறையில் இருக்கும் பெரியவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருக்கிறது: நான் தப்பு பண்ணிட்டேனா? எந்தத் தப்பைக் கேட்கிறோம் என்று குழந்தைக்கே தெரியாது. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக் கொடுத்தவர்கள் நாம்.

குழந்தைகள் கையால் கட்டி விளையாடுவதைப் பற்றி, அதிலும் ரோபோ செய்து விளையாடுவதைப் பற்றி, இப்போது நிறையப் பேசுகிறார்கள். மூளைக்கு நல்லது, கணக்கு வரும், நாளைக்கு வேலை கிடைக்கும். இருக்கலாம். எனக்கு இருக்கும் கேள்வி வேறு. ஒரு குழந்தை கட்டியது சரியாக வராதபோது, அந்தச் சரிவராமை யாருக்குச் சொந்தம்? அதைத் தொட நமக்கு என்ன உரிமை?

*

1932-இல் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே, குழந்தைகளின் அறவுணர்வைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்காகக் குழந்தைகளிடம் இரண்டு கதைகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார். முதல் கதையில் ஒரு பையனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அவன் கதவைத் தள்ளித் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி, அதன்மேல் தட்டு, தட்டில் பதினைந்து கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. எல்லாம் உடைகின்றன. இரண்டாவது கதையில், அம்மா வெளியே போன நேரத்தில் இன்னொரு பையன் அலமாரியில் இருக்கும் ஜாமை யாருக்கும் தெரியாமல் எடுக்க ஏறுகிறான். கை பட்டு ஒரு கோப்பை உடைகிறது. யார் அதிகம் தப்பு செய்தவன்?

ஆறேழு வயதுக்குக் கீழே இருந்த பலர், பதினைந்தை உடைத்தவன்தான் என்றார்கள். எண்ணிக்கை பெரிது, ஆகவே தப்பும் பெரிது. இதில் பெரியவர்களின் பங்கு உண்டு என்று பியாஜே கருதினார். வீட்டில் பொருள் உடையும்போது நம் கோபத்தின் அளவு, உடைந்த பொருளின் மதிப்பை ஒட்டித்தான் ஏறுகிறது. குழந்தை அந்தக் கோபத்தை வைத்துத் தன் நியாயத்தை அளந்துகொள்கிறது. கதையை எளிமையாக்கி, செய்தவனின் எண்ணம் என்ன என்பதைத் தெளிவாகச் சொன்னால், இன்னும் சின்னக் குழந்தைகளும் எண்ணத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, பிரித்துப் பார்க்கும் புத்தி குழந்தைக்குள் இருக்கிறது. அதன்மேல் நாம் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதற்குப் 'பதினைந்து கோப்பை நியாயம்' என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். பின்னால் தேவைப்படும்.

*

பியாஜேவோடு ஜெனீவாவில் 1958 முதல் 1963 வரை வேலை பார்த்தவர் சீமோர் பேப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனார். 1967-இல் அவரும் வாலி ஃபொய்ர்ட்ஸைக், சிந்தியா சாலமன் முதலியோரும் சேர்ந்து குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அந்த மொழி பேசும் பிராணியாகச் சீக்கிரமே ஓர் ஆமை வந்து சேர்ந்தது. நம்மில் சிலர் பள்ளிக் கணினி அறையில் திரைமேல் ஒரு முக்கோணமாகப் பார்த்த அதே ஆமைதான். ஆரம்ப காலத்தில் அது தரையில் ஊர்ந்த நிஜ ரோபோ. அடியில் ஒரு பேனா. 'முன்னே ஐம்பது', 'வலப்பக்கம் தொண்ணூறு' என்று நான்கு முறை சொன்னால் தரையில் விரித்த தாளில் ஒரு சதுரம்.

முக்கோணத்தில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தின் கோணம் அறுபது என்று கேள்விப்பட்ட குழந்தை, அறுபது பாகை திரும்பச் சொல்கிறது. ஆமை மூன்று கோடு போட்டு நிற்கிறது. முக்கோணம் வரவில்லை, வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. சரி, நிறுத்தாமல் இன்னும் மூன்று முறை அதையே சொல்லிப் பார்ப்போம் என்றால், அழகான அறுகோணம் ஒன்று வந்து மூடிக்கொள்கிறது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஏன்? பேப்பர்ட் குழந்தைகளை எழுந்து நடக்கச் சொல்வார். நீயே ஆமையாக இரு. நடந்து பார்த்தால் தெரிகிறது: உள்ளே இருக்கும் கோணம் அறுபதாக இருக்கலாம், ஆனால் மூலையில் உடம்பு திரும்ப வேண்டியது நூற்று இருபது.

இங்கே தப்பு நடந்ததா? சொன்னது நினைத்ததோடு பொருந்தவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆமை முகம் சுளிக்கவில்லை, மதிப்பெண் போடவில்லை, பக்கத்து வீட்டுப் பெண் எவ்வளவு அழகாகப் போட்டாள் என்று சொல்லவில்லை. கணினிக்காரர்கள் இப்படி நடப்பதைப் 'பக்' என்கிறார்கள், பூச்சி. பூச்சி உள்ளே புகுந்துவிட்டது, தேடி எடுக்க வேண்டும். 1980-இல் வந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் பேப்பர்ட் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது இதைத்தான்: ஒரு புரோகிராமைப் பார்த்துச் சரியா தப்பா என்று கேட்பதைவிட, எங்கே சிக்குகிறது, சரிசெய்ய முடியுமா என்று கேட்பதே உருப்படியான கேள்வி.

எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு இது எப்படி? 1970-களின் நடுவில் எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த ரேடியா பெர்ல்மன் அதற்கு ஒரு வழி செய்தார். மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பிளாஸ்டிக் அட்டைகளை ஒரு பெட்டியின் இடுக்குகளில் வரிசையாகச் செருகிப் பொத்தானை அமுக்கினால் ஆமை அந்த வரிசைப்படி நகரும். அதற்கு 'டார்டிஸ்' என்று பெயர். இன்றைக்கு அதன் பேரப்பிள்ளைகள் நிறைய. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மரினா பெர்ஸ் குழு உருவாக்கிய 'கிபோ'வில் திரையே கிடையாது. குழந்தை மரக்கட்டைகளைக் கோத்து வைக்கிறது. ஒவ்வொரு கட்டையின் பார்கோடையும் ரோபோ படித்து, அதே வரிசையில் வேலை செய்கிறது. முடிந்துபோன செயல் மறைந்துவிடாமல் கட்டைகளாக மேசைமேல் கிடக்கிறது. எந்தக் கட்டையில் வண்டி தடம் மாறியது என்று விரலால் தொட்டுக் காட்டலாம்.

சனிக்கிழமைகளில் என் அக்கா மகளை இப்படியான ஒரு வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன். ஐந்து வயது. ஒருநாள் வண்டி சுவரைப் பார்த்துப் போனபோது அவள் என்னிடம் சொன்னாள்: "சித்தி, இது நான் சொன்னதையேதான் கேக்குது. நான் நெனச்சதைக் கேக்க மாட்டேங்குது." மொழியைப் பற்றிப் பெரிய ஆட்கள் எழுதிய சில புத்தகங்களைக் கஷ்டப்பட்டு வாசித்திருக்கிறேன். சொல்லுக்கும் எண்ணத்துக்கும் நடுவில் உள்ள அந்தச் சந்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

*

வகுப்பின் கடைசியில் வேறொன்று நடக்கும். பெற்றோர் உள்ளே வருவார்கள், வீடியோ எடுக்க. வண்டி ஓடியாக வேண்டும். ஓடாத வண்டிகள் இருக்கும் மேசைகளுக்கு மட்டும் பெரிய கைகள் வரும். சில நேரம் பயிற்சியாளரின் கை, சில நேரம் அப்பாவின் கை. ஒயரைப் பிடுங்கி மாற்றிச் செருகும், சக்கரத்தைத் திருப்பிப் போடும். வண்டி ஓடும். எல்லோரும் கைதட்டுவார்கள். குழந்தையும் தட்டும். சில குழந்தைகள் தட்டாமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

அந்தக் கை கெட்ட கையா? அன்பான கைதான். பிள்ளை எல்லோர் முன்னாலும் நின்றுவிடக் கூடாதே என்ற பதைப்பு அதில் இருக்கிறது. இருந்தும் அங்கே ஏதோ ஒன்று பறிபோகிறது என்று எனக்குப் படுகிறது. அது என்ன என்று யோசிக்கும்போது ஆமையும் பியாஜேவும் போதவில்லை. நம் பழைய பாட்டுகளில் ஓர் இடம் நினைவுக்கு வந்தது.

பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்கு உரிய பத்துப் பருவங்களில் ஒன்று சிற்றில். பெண் குழந்தைகள் மணலில் சின்ன வீடு கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான பையன், பெரும்பாலும் கடவுள், காலால் அதை அழிக்க வருகிறான். அழிக்காதே என்று பெண்கள் கெஞ்சுகிறார்கள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுக்க இந்தக் கெஞ்சல்தான். இதை பக்தியாகவும் சிருங்காரமாகவும் விளக்கிய உரைகள் உண்டு. எனக்கு அதிலுள்ள வாதம்தான் முக்கியம். வீடு அழகாக இருக்கிறது என்றோ உறுதியாக இருக்கிறது என்றோ அந்தப் பெண்கள் வாதாடுவதில்லை. நாளெல்லாம் உட்கார்ந்து முதுகு வலிக்கக் கட்டியது என்கிறார்கள். உழைத்தவள் நான், ஆகவே இது என்னுடையது. மணல் வீடு எப்படியும் சாயங்காலத்துக்குள் சரிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தானாகச் சரிவதைப் பற்றி அவர்களுக்குப் புகார் இல்லை.

'தப்பு' என்ற சொல் இழந்துவிட்ட வித்தியாசத்தைத் தமிழ் வினைச்சொற்கள் பத்திரமாக வைத்திருக்கின்றன. சிதைந்தது, சிதைத்தது. உடைந்தது, உடைத்தது. உருண்டது, உருட்டியது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தோம். ஒரு மெய்யெழுத்து வல்லினமாக மாறினால் உலகத்தின் நியாயமே மாறிவிடுகிறது. குழந்தைகள் இந்த இலக்கணத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். "உடைஞ்சிருச்சு" என்று வந்து நிற்கிறார்கள். நாம்தான் உடனே திருத்துகிறோம்: "உடைஞ்சிருச்சா, உடைச்சிட்டியா?" குழந்தை உண்மையைச் சொன்ன வேளையிலும் அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

கோபுரம் விழுவது தன்வினை. எடை ஒரு பக்கம் கூடியது, விழுந்தது. அந்த விழுதல் குழந்தைக்குச் சொந்தமானது, அதிலிருந்து எட்டாவது கட்டையை எங்கே வைப்பது என்று அது கற்றுக்கொள்ளலாம். தம்பி வந்து தள்ளிவிட்டால் அது பிறவினை, அநியாயம். அதற்கு அழலாம், சண்டை போடலாம். இப்போது மூன்றாவது ஒன்று: பெரியவர் வந்து கோபுரத்தைச் சரிசெய்துவிடுகிறார். இது எந்தப் பக்கம்?

என் பதில், காலால் உதைப்பதற்குப் பக்கத்தில். பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, போனது சொந்தம். சிற்றில் பாட்டின் வாதத்தை வைத்துப் பார்த்தால், உழைப்பால் வந்த உரிமை கைமாறிவிட்டது. கூடவே ஒரு பொய்யும் வந்து சேர்கிறது. "பாப்பா பண்ணின ரோபோ" என்று வீடியோ வாட்ஸப்பில் போகும்போது, அது தான் பண்ணியது இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் குழந்தை. பொய் சொல்லக் கூடாது என்று கற்பிக்கிற நாம், கைதட்டி வாங்கிக்கொள்ளும் பொய்யை ஐந்து வயதில் அதற்குப் பரிசாகக் கொடுக்கிறோம்.

பேப்பர்ட் தன் கொள்கையைச் சொல்லும்போது மணல்கோட்டையைத்தான் உதாரணமாகக் காட்டினார். வெளியே, பிறர் பார்க்கும்படி ஒன்றைக் கட்டும்போதுதான் மனதுக்குள்ளும் அறிவு கட்டப்படுகிறது. அது கடற்கரையில் ஒரு மணல்கோட்டையாகவும் இருக்கலாம் என்றார். அது உண்மையானால், வெளியே உள்ளதை நாம் மாற்றும்போது உள்ளே கட்டிக்கொண்டிருந்ததையும் சேர்த்துத்தான் தொடுகிறோம். சிற்றிலை அழிக்க வருபவன் கடவுள் என்பதும் தற்செயல் இல்லை. குழந்தையின் அறையில் பெரியவர்கள் ஏறத்தாழ அந்த அளவுக்குப் பெரியவர்கள்.

*

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் இருக்கிறது. அப்படியானால் சொல்லியே தரக் கூடாதா? குழந்தை முட்டி மோதிக்கொண்டே இருக்க வேண்டுமா?

இது லேசான வாதம் இல்லை. லோகோ கற்ற குழந்தைகளுக்குத் திட்டமிடும் திறன் பொதுவாகவே கூடும் என்ற நம்பிக்கையை, 1980-களில் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. 2004-இல் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் இந்த மாதிரி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு நீயே கண்டுபிடி என்பது திரும்பத் திரும்பத் தோற்றிருக்கிறது, வழிகாட்டலோடு கண்டுபிடிப்பதுதான் வேலை செய்கிறது என்று எழுதினார். அதில் லோகோவும் உண்டு. கைவிடுவதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்க முடியாது. முப்பது நிமிடம் வண்டி நகரவே இல்லையென்றால் அந்தக் குழந்தை, தன்னால் இது ஆகாது என்பதைத்தான் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

ஆகவே உதவலாமா என்று கேட்பதில் பொருளில்லை. எந்த உதவிக்குப் பிறகும் குழந்தை "நான் பண்ணினேன்" என்று பொய்யில்லாமல் சொல்ல முடிகிறதா என்பதே அளவுகோல். அந்த வகுப்பில் ஓர் இளம் பயிற்சியாளர் இருக்கிறார். ஓடாத வண்டியின் பக்கத்தில் வந்து தரையில் உட்காருவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். இரண்டு கேள்விதான் கேட்பார்: "என்ன நடக்கணும்னு நெனச்சே? இப்ப என்ன நடக்குது?" பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பார். தேவைப்பட்டால், "அந்த மூணாவது கட்டையை மட்டும் ஓட்டிப் பாப்போமா?" என்பார். இதுவும் வழிகாட்டல்தான், சொல்லப்போனால் கறாரான வழிகாட்டல். ஆனால் கட்டையைத் தொடும் கை குழந்தையுடையது.

இது ரோபோ காலத்தின் புதுப் பிரச்சினையும் இல்லை. 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்கில் முதல் கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஃப்ரோபெல், குழந்தைகள் கையாளுவதற்காக மரக்கனசதுரங்களை உருவாக்கி அவற்றுக்குக் 'கொடைகள்' என்று பெயர் வைத்தார். சில பத்தாண்டுகளுக்குள் பல பள்ளிகளில் அது, ஆசிரியை சொல்லச் சொல்ல எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் ஒரே கட்டையை ஒரே இடத்தில் வைக்கும் பயிற்சியாகிவிட்டது. படி ஒன்று, படி இரண்டு என்று படம் போட்ட இன்றைய ரோபோ கிட் அதன் வாரிசு. படிகளைப் பின்பற்றத் தெரிவதும் ஒரு திறமைதான். சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைப்பது மாதிரி. ஆனால் அங்கே பூச்சிக்கு இடமில்லை. படத்தில் உள்ள மாதிரி வரவில்லை என்றால் அது மறுபடியும் 'தப்பு'தான்.

*

இப்போது பதினைந்து கோப்பைக்குத் திரும்ப வேண்டும். கட்டிப் பார்த்துக் குலைக்கும் சுதந்திரத்துக்கு ஒரு விலை இருக்கிறது, ரூபாய்க் கணக்கில். 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் எந்தப் பள்ளியிலும் விலை கூடிய பொருள் வந்து இறங்கியதும் கூடவே ஒரு பதிவேடு வருகிறது, ஒரு பூட்டு வருகிறது, "பாத்து, ஒடச்சிராதீங்க" என்ற குரல் வருகிறது. சென்சார் போனால் யார் பதில் சொல்வது? ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தலைக்கு மேலேயும் யாரோ கோப்பைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் விளைவு என்ன? பணமுள்ள வீட்டுக் குழந்தைக்கு உடைந்தால் 'உடைஞ்சிருச்சு', வேறு வாங்கலாம். இல்லாத வீட்டுக் குழந்தைக்கு 'உடைச்சிட்டே'. ஒரே நிகழ்ச்சி, ஒருவருக்குத் தன்வினை, இன்னொருவருக்குப் பிறவினை.

அர்விந்த் குப்தாவின் வேலை எனக்கு இந்த இடத்தில்தான் அறமாகத் தெரிகிறது. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்தவர், குப்பையிலிருந்து பொம்மைகள் செய்வதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளையும் வைத்து முக்கோணம், கனசதுரம் எல்லாம் கட்டலாம் என்று காட்டினார். மலிவு என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. தீக்குச்சி உடைந்தால் யாருக்கும் கோபம் வருவதில்லை. குழந்தையின் தப்புக்கு விலை ஒரு தீக்குச்சி என்று ஆக்கிவிட்டால், பதினைந்து கோப்பை நியாயம் அந்த அறைக்குள் நுழையவே முடியாது.

யாருக்குத் தப்பு செய்ய அனுமதி என்பதில் பணம் மட்டும் இல்லை. டார்டிஸ் செய்த ரேடியா பெர்ல்மன், கணினி வலைப்பின்னல்களுக்கு அடிப்படையான ஒரு நெறிமுறையைப் பின்னாளில் உருவாக்கியவர். சின்னக் குழந்தைகளோடு வேலை செய்தால் தன்னை ஒரு விஞ்ஞானியாக மதிக்க மாட்டார்களோ என்ற கூச்சத்தில்தான் டார்டிஸை விட்டதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று வயதுக் குழந்தை எப்படி யோசிக்கிறது என்ற கேள்வி, ஒரு பெண் கேட்டால் அறிவியல் ஆகாது என்ற பயம். சிற்றில் கட்டியவர்கள் பெண்கள், ஆனால் அடுத்து வரும் சிறுபறையும் சிறுதேரும் உதைக்க வந்தவனுக்கு. என் அக்கா மகளின் வகுப்பில் பன்னிரண்டு பேர், அதில் பெண்கள் மூன்று. பையன் வண்டியை மோதவிட்டால் "துறுதுறுன்னு இருக்கான்". அவள் மோதவிட்டால் "மெதுவா பண்ணும்மா".

*

தமிழ் இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினைக்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு: திருந்தினான், திருத்தினான். நடத்தையைப் பற்றிய உதாரணமாகவே அதை வைத்திருக்கிறோம். கெட்டவன் திருந்துவான், பெரியவர் திருத்துவார்.

ஆமையோடும் மரக்கட்டைகளோடும் தீக்குச்சிகளோடும் விளையாடும் குழந்தை இந்தச் சொல்லை வேறு மாதிரிப் பயன்படுத்துகிறது. அங்கே யாரும் கெட்டவர் இல்லை, ஆகவே திருந்த வேண்டியவரும் இல்லை. வண்டி சுவரைப் பார்த்துப் போகிறது. அவள் மூன்றாவது கட்டையை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறாள். மறுபடி சுவர். இன்னொன்றை வைக்கிறாள். திருத்துகிறவள் அவள், திருந்துவது வண்டி. ஐந்து வயதில் 'திருத்து' என்ற வினைக்கு அவள் எழுவாயாக இருக்கிறாள். நம்மில் பலருக்கு முப்பது வயதிலும் அந்த இடம் கிடைப்பதில்லை. நாம் இன்னும் செயப்படுபொருளாகவே இருந்து, யார் வந்து திருத்தப்போகிறார்களோ என்று பயந்துகொண்டிருக்கிறோம். அவள் பயப்படாமல் இருக்க நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கேட்டால் பதில் சொல்லும் தூரத்தில், தரையில் உட்கார்ந்திருக்கலாம்.